பரமபத அட்டைக்கு அடியில் ஓர் ஏரி

என் வயசுக்காரர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பரமபத அட்டை ஏதாவது கிடக்கிறதா? இரண்டாக மடிக்கிற கெட்டி அட்டை, ஓரத்தில் சிவப்புத் துணி ஒட்டியிருக்கும், பெட்டியின் அடியில் கும்மிடிப்பூண்டி என்று போட்டிருக்கும். கிடந்தால் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாதீர்கள். இட்லிப் பானை ஆவியில் ஒரு மூலையைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு நகத்தால் மெல்ல உரித்துப் பாருங்கள். பாம்பும் ஏணியும் மேலோடு வந்துவிடும். அடியில் ஓர் ஏரி இருக்கும். ஏரியின் நடுவில் ஒரு கல், கல்லின் மேல் ஒரு கொக்கு.

அந்த ஏரி என் அம்மாவுடையது. திருடியவர் என் பெரியப்பா. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. போன மாதம் அவருடைய மகன், அதாவது என் அண்ணன் முறை, காரில் என் வீட்டுக்கு வந்து போனார். அன்றிலிருந்து இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. வயசானால் மனசு கனியும் என்கிறார்கள். எனக்குக் கனியவில்லை. முதலிலேயே சொல்லிவைக்கிறேன், கடைசியில் கட்டிப்பிடித்து அழுவோம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

அண்ணனின் கம்பெனியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இப்போது கண்ணாடி போட்ட பெரிய கட்டடம், வாசலில் செக்யூரிட்டி, உள்ளே சுவர் முழுக்கக் கம்பெனி வரலாறு. நான் சொல்வது அந்தச் சுவரில் இல்லாத வரலாறு.

அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பாதி இடம் வேலிக்காத்தான் காடுதான். நடுநடுவே ஷெட்டுகள். ஒரு பக்கம் இரும்பு உருக்குகிற கம்பெனி, அதன் புகையில் காயப்போட்ட துணியெல்லாம் கரும்புள்ளி விழும். காலைச் சங்கு ஊதினதும் லோக்கல் ரயிலிலிருந்து இறங்குகிற கூட்டம் எங்கள் ஷெட்டைத் தாண்டித்தான் போகும். எங்கள் குடும்பம் திருவள்ளூரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்த குடும்பம். கடையை விற்றுவிட்டுப் பெரியப்பாவும் என் அப்பாவும் அந்த ஷெட்டைப் பிடித்தார்கள். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன், அந்தப் பக்கத்தில் அது வழக்கம்.

பரமபதம், தாயம், ரயில் ஆட்டம் என்று சில ஆட்டங்கள். சென்னையில் அச்சடித்த தாள்கள் கட்டுக்கட்டாக வரும். அதைக் கெட்டி அட்டையில் ஒட்டி, காயவைத்து, ஓரம் வெட்டி, பெட்டியில் போடுவதுதான் வேலை. ஒட்டுகிற வேலை அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும். மைதா மாவைப் பெரிய அலுமினிய குண்டானில் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றுவார்கள். பசை லேசான நீல நிறத்துக்கு வரும். அந்தப் புளித்த, துவர்த்த வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. அம்மாவின் நகத்துக்கு அடியில் எப்போதும் ஒரு நீலப் பச்சை. சோறு பிசைந்து ஊட்டும்போது எனக்கு அந்த விரலைப் பார்க்கத்தான் பிடிக்கும்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஓர் ஆட்டம் வந்தால், அச்சுக்குப் போகும் முன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து ஆடிப் பார்க்க வேண்டும். ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. கறிக்குழம்பு சாப்பிட்டு, பெரியப்பா கை கழுவி, ஏப்பம் விட்டு, பாயில் வந்து குந்துவார். "ம், எடு" என்பார். ஆடிப் பார்ப்பது என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. பெரியப்பாவுக்குத் தோற்கப் பிடிக்காது. தோற்றால் அந்த ஆட்டமே மட்டம். ஜெயித்தால் "அருமையான ஆட்டம்டா இது" என்று அச்சுக்கு அனுப்புவார். ஆகவே அவரை ஜெயிக்கவைப்பதுதான் குடும்பத்தின் தொழில்.

அதில் பெரியம்மா கெட்டிக்காரி. பகடை பெரியப்பாவுக்குச் சாதகமாக விழாவிட்டால் "ஃபேன் காத்துல பொரண்டுச்சு, திருப்பிப் போடுங்க" என்பாள். நாங்கள் யாராவது முந்திவிட்டால் பாவாடைக்கு மேலேயே தொடையில் ஒரு கிள்ளு. அண்ணன் தன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து அவருடைய காய்களை நகர்த்திக் கொடுப்பார். ரயில் ஆட்டத்தை முதலில் ஆடியபோது ஒரு கட்டத்தில் டிக்கெட் பரிசோதகர் இருந்தார். அந்தக் கட்டத்தில் விழுந்தால் மறுபடி சென்ட்ரலிலிருந்து தொடங்க வேண்டும். பெரியப்பா அதில் விழுந்தார். மறுநாள் பரிசோதகர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். எங்கள் கம்பெனி ரயில் ஆட்டத்தில் கடைசிவரை எல்லோரும் வித்தவுட்டில்தான் போனார்கள்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரிப்பேன். ஆனால் தொடையில் கன்றிப்போன இடத்தைத் தடவிக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

அம்மா ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நெல் விளைகிற பூமி, ஏரிப் பாசனம். அம்மாவின் அப்பாவுக்கு நிலம் கடைமடையில், அதாவது கால்வாயின் கடைசிக் கோடியில். ஏரித் தண்ணீர் எல்லோர் வயலையும் தாண்டிக் கடைசியாக வரவேண்டிய இடம். அந்த வருஷம் எனக்குக் கோடை லீவு. மத்தியானத்தில் பெரியம்மா தூங்குவாள், ஷெட்டில் ஆள் இருக்காது. பசை காய்கிற நேரம். அப்போதுதான் அம்மா எனக்காக ஓர் ஆட்டம் போட்டுக் கொடுத்தாள்.

சாக்பீஸால் சிமெண்டுத் தரையில் மேலே அரைவட்டமாக ஓர் ஏரி. ஏரியிலிருந்து ஒரு கால்வாய். கால்வாய் ஓரமாக வரிசையாக வயல்கள். ஏரியை ஒட்டியது தலைமடை, கடைசியில் கடைமடை. ஏரி நிறையப் புளியங்கொட்டை. அதுதான் தண்ணீர். சோழியைக் குலுக்கிப் போட்டால் விழுகிற எண்ணிக்கைக்குத் தண்ணீர் திறக்கும். தலைமடைக்காரர் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடுவார். அடுத்தவரும் அப்படியே. யார் வயல் முதலில் நிறைகிறதோ அவருக்கு விளைச்சல்.

நான் ஓடிப்போய்த் தலைமடையில் உட்கார்ந்துகொண்டேன். வருகிற கொட்டையையெல்லாம் நானே வாரினேன். அம்மா வாரவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் தொடங்கும் முன் ஏரியின் நடுவில் ஒரு கருங்கல் துண்டை வைத்து அதன் மேல்தான் கொட்டைகளைக் கொட்டியிருந்தாள். கொட்டை குறையக் குறையக் கல் வெளியே தலை நீட்டியது. அம்மா கைதட்டிச் சிரித்தாள்.

"கல்லு தெரிஞ்சிடுச்சா? இனிமே மேல் மடைய மூடிடணும். மொதல் தண்ணி கடைமடைக்கு."

"இன்னாம்மா இது! நான்தான மேல குந்திகினு இருக்கேன்?"

"மேல குந்திகினு இருந்தா? எங்க ஊர்ல ஏரிக்குள்ள ஒரு கல்லு கீது பாப்பா. தண்ணி நெறைய இருக்கற வரைக்கும் மேல இருக்கறவங்க மொதல்ல எடுக்கலாம். கல்லு தெரிஞ்சா பஞ்சம்னு அர்த்தம். அப்போ கடைசில இருக்கறவனுக்குத்தான் மொதல்ல. அவன் எடுத்துகினு மிச்சம் இருந்தா மேல இருக்கறவனுக்கு. நீ இன்னா பண்ண? பேராசப்பட்டு எல்லாத்தயும் நீயே இழுத்த, கல்லு சீக்கிரமா தெரிஞ்சிடுச்சு. இப்போ உன் வயலு பாதியில காயுது பாரு."

என் வயல் காய்ந்தது. அம்மா ஜெயித்தாள். அந்த வீட்டில் எனக்குத் தெரிந்து அம்மா ஜெயித்தது அதுதான் முதல்முறை. முகமே வேறு மாதிரி இருந்தது. நான் அழுதேன், பிறகு மறுபடி ஆடலாம் என்றேன், பிறகு லீவு முழுக்க ஆடினோம். அந்தக் கல் எப்போது தெரியும் என்று கணக்குப் போட்டுத் தண்ணீர் விடுவதில் ஒரு ருசி உண்டு. மேலே இருப்பவர் கீழே பார்க்க வேண்டும், கீழே இருப்பவர் காத்திருக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பேர்ப்பட்ட ஆட்டம்.

நைனா ஒரு நாள் அட்டைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று நாங்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. "இத்தப் பெட்டியில போட்டு விக்கலாம்டி" என்றார். அம்மா வெட்கப்பட்டாள், ஆனால் அடுத்த நாளே ஒரு சார்ட் அட்டை வாங்கிவரச் சொன்னாள். இங்க் பேனாவால் ஏரி, கால்வாய், வயல், வரப்பில் ஒரு பனைமரம். ஏரியின் நடுவில் கல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரும்புள்ளி. தனியாக ஒரு துண்டுத் தாளில் தன் பெயரை அழகழகாக எழுதிப் பார்த்தாள். ஒன்று கோணலாகிவிட்டது என்று இன்னொன்று. நல்லதாக வந்ததை நைனாவிடம் கொடுத்து, "பெட்டி மேல இத்தப் போடச் சொல்லுங்க. சின்னதா ஓரத்துல இருந்தா போதும்" என்றாள். நைனா பெரியப்பாவிடம் கேட்டார். "போட்டுட்டா போச்சு, இன்னா இப்போ" என்று பெரியப்பா சொன்னதை நானே காதால் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கறிக்குழம்பு, ஏப்பம், பாய். அம்மா சார்ட்டை விரித்தாள். புளியங்கொட்டையைக் கொட்டினாள். கல்லை வைக்கவில்லை. நான் "அம்மா, கல்லு" என்று தொடங்கியதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தாள்: "மொதல்ல உங்க பெரியப்பா ஜெயிக்கட்டும். ஆட்டம் அவருக்குப் புடிச்சிப் போவட்டும். அச்சுக்குப் போறப்ப கல்லப் பத்திச் சொல்லிக்கலாம்."

பெரியப்பா தலைமடையில் உட்கார்ந்தார். பெரியவர் இருக்கும்போது வேறு யார் தலைமடையில் உட்காருவது? கல் இல்லாத ஏரியில் தலைமடைக்காரருக்கு என்ன கவலை? வந்த தண்ணீரையெல்லாம் எடுத்தார். ஒரு சொட்டு கீழே விடவில்லை. வயல் நிறைந்தது. அன்றைக்குப் பெரியம்மா யாரையும் கிள்ள வேண்டிய வேலையே இல்லை.

"டேய்! இது ஆட்டம்! இதுல மூளை வேணும்டா, சும்மா பகடைய உருட்டிகினு இருக்கற வேல இல்ல" என்று நைனாவின் முதுகில் தட்டினார். அம்மா சிரித்தபடி கொட்டைகளைப் பொறுக்கினாள். எனக்கு அன்றைக்கு அம்மாவைப் பார்த்து அவ்வளவு பெருமை.

அச்சகத்திலிருந்து மாதிரித் தாளும் மாதிரிப் பெட்டியும் வந்த அன்று அம்மா கையில் பசை இருந்தது. தாளைத் தொடக் கூடாது என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். அச்சக ஓவியர் நன்றாகத்தான் போட்டிருந்தார். பச்சை வயல், நீல ஏரி. அம்மா வைத்த கரும்புள்ளியை ஒரு கல்லாக வரைந்து, அழகுக்கு அதன் மேல் ஒரு கொக்கை நிறுத்தியிருந்தார். கல் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. பெட்டியின் மேல்மூடியில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் பெரியப்பாவின் போட்டோ. அதற்குக் கீழே 'கண்டுபிடித்தவர்' என்று போட்டு அவருடைய பெயர், இனிஷியலோடு.

நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்ட, அம்மா முதலில் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் பார்த்தாள். சின்னதாக ஓரத்தில் எங்கேயாவது இருக்கும் என்று தேடினாள். அந்தத் தேடலை நான் மறக்கவேமாட்டேன். பின்னால் கட்டியிருந்த கையில் பசை காய்ந்து வெடிக்கிற வரைக்கும் தேடினாள்.

"மாமா, என் பேரு போடறேன்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள். கணவரின் அண்ணனிடம் அம்மா நேருக்கு நேர் பேசியதே அபூர்வம்.

பெரியப்பா தலையைத் தூக்கவில்லை. "ஊட்டுப் பொம்பள பேர கடை கடையா தொங்க வுடறதா? நாலு பேரு இன்னா பேசுவான்? மானத்துல வாழ்ற குடும்பம்மா இது. ஆட்டத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும், ஏதோ கோடு போட்ட. ஆடிக் காட்டினது யாரு?"

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா அட்டைக் கட்டின் சணலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்ததை மறுபடி கட்டினார்.

பெட்டிக்குள் வைக்கிற 'விளையாடும் முறை' தாளைப் பெரியப்பாதான் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடும் முன் அம்மாவைக் கூப்பிட்டார். "யம்மா, நான் எழுதினது சரியா கீதா? சோழி போடறது, தண்ணி எடுக்கறது, மிச்சத்தக் கீழ வுடறது. வேற எதுனா சொல்லணுமா?"

அம்மா குண்டானில் பசையைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். என் வாய் தன்னால் திறந்தது. அம்மா கரண்டியை நிறுத்தாமல், இன்னொரு கையால் பசை பிரஷை எடுத்து என் கையில் அழுத்தினாள். கை வலித்தது.

"அவ்ளோதான் மாமா. வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரிந்ததும் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. சின்னப் பெண்ணுக்கு அவ்வளவு விஷமா என்று கேட்பீர்கள். ஆமாம், அவ்வளவு விஷம். இன்றைக்கும் அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்குக் கடைக்காரர்கள் பரமபதம் வாங்க வருவார்கள். அந்த வருஷம் பரமபதத்தோடு ஏரி ஆட்டத்தையும் சேர்த்துத்தான் கொடுப்பேன் என்று பெரியப்பா அடம்பிடித்துத் தலையில் கட்டினார். பொதட்டூர்பேட்டை, திருத்தணி, ஊத்துக்கோட்டை, பழவேற்காடு என்று பெட்டிகள் போயின. பெரியப்பாவின் முகம் கடை கடையாகத் தொங்கியது. மானம் போகவில்லை போலிருக்கிறது.

பொங்கல் கழிந்ததும் திரும்பி வரத் தொடங்கின. முதலில் வந்தவர் பழவேற்காட்டில் ஃபேன்ஸி கடை வைத்திருந்த பாய். ஒரு சாக்குமூட்டையை ஷெட் வாசலில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

"இன்னா பாய், நாஷ்டா ஆச்சா? உள்ள வாங்க" என்றார் பெரியப்பா.

"நாஷ்டா கெடக்கட்டும். இத்த நீயே வெச்சுக்க. தலமடையில யாரு குந்தறதுன்னு புள்ளைங்க மண்டைய ஒடைச்சிக்குதுங்க. எவன் மேல குந்தறானோ அவன்தான் ஜெயிக்கிறான். அப்பறம் மத்தவன் எதுக்கு ஆடணும்? ஒரே பேஜாரு. ஒவ்வொருத்தனா பொட்டியத் தூக்கிகினு வந்து டப்பு வாபஸ் குடுன்றான்."

பிறகு எல்லாக் கடையிலிருந்தும் அதே பேச்சு. திரும்பி வந்த பெட்டிகள் கூரையைத் தொட்டன. பெரியப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பாயை விரித்து, தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தார். எங்கே உட்கார்ந்தார்? தலைமடையில். ஆடினார், ஜெயித்தார். மறுபடி ஆடினார், மறுபடி ஜெயித்தார்.

"ஆட்டத்துல ஒண்ணும் தப்பு இல்லியே! நான் ஜெயிக்கிறேனே! டேய், இன்னாடா தப்பு இதுல?"

"தெரியலண்ணே" என்றார் நைனா.

ஒரே ஒரு தடவை கடைமடையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் பெரியப்பாவுக்குப் பாதியாவது புரிந்திருக்கும். அந்த மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை. கல் அவர் கண் முன்னாலேயே இருந்தது, கொக்கைத் தூக்கிக்கொண்டு. அவர் அதைப் பார்த்துப் பார்த்து ஜெயித்தார். அம்மா சுவரோரம் உட்கார்ந்து பெட்டிக்குத் துணி ஒட்டிக்கொண்டிருப்பாள். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே மாட்டோம். பார்த்தால் சிரித்துவிடுவோம்.

கடைசியில் பெரியப்பாவுக்கு ஒரு காரணம் கிடைத்தது. பெரியம்மா, அண்ணன், ஷெட்டுக்கு வந்திருந்த ஆட்கள் எல்லோர் முன்னாலும் நைனாவைப் பார்த்துக் கத்தினார்: "உன் பொண்டாட்டி ஆட்டத்தாலதான்டா நான் கெட்டேன்!"

கேட்டீர்களா? அந்த வீட்டில் அந்த ஆட்டம் அம்மாவுடையது என்று வாய்விட்டுச் சொல்லப்பட்டது அன்றைக்குத்தான். விற்கும் என்றபோது கண்டுபிடித்தவர் அவர். விற்கவில்லை என்றதும் அது தம்பி பெண்டாட்டி ஆட்டம். அம்மா அன்றைக்கு நிமிர்ந்து, "ஆமா மாமா, அது என் ஆட்டந்தான்" என்றாள்.

அட்டைகளை வீணாக்க முடியாது. ஏரியின் மேலேயே பரமபதத் தாளை ஒட்டிவிடச் சொன்னார் பெரியப்பா. ஒட்டியதும் அம்மாதான். தன் ஏரியின் மேல் தானே பசை தடவி, பாம்பையும் ஏணியையும் விரித்து, துணியால் அழுத்தி நீவி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினாள். அந்த அட்டைகள்தான் உங்கள் வீட்டுக்கெல்லாம் வந்தவை. கம்பெனி தப்பித்தது. நாங்கள் தப்பிக்கவில்லை. கடைசி அட்டை காய்ந்த வாரத்தில், இனிமேல் பங்கு கிங்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார். ஊத்துக்கோட்டைக்கு வந்தோம். நைனா ஒரு ரைஸ் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவின் நகத்திலிருந்த நீலம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

புது வீட்டில் சாக்பீஸால் ஏரி வரைந்து மூன்று பேரும் ஆடுவோம். முதல் தடவை ஆடும்போதே, அம்மா சொல்வதற்கு முன்னால் நைனா "கல்லு தெரிஞ்சிடுச்சு" என்றார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. எத்தனையோ வருஷம் கழித்துத்தான், அம்மாவும் நைனாவும் போன பிறகு, ஒரு நாள் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது சுருக்கென்றது. அவருக்குக் கல்லைப் பற்றி முன்பே தெரியும். அட்டைக் கட்டோடு வாசலில் நின்று பார்த்தாரே, அன்றைக்கே தெரியும். பெரியப்பா கேட்கக் கேட்க "தெரியலண்ணே" என்று சொன்னதும், பழியைச் சுமந்துகொண்டு வெளியே வந்ததும் தெரிந்தேதான். நான் அவரை வெறும் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் கோழை. பெரியப்பா திருடும்போது மூடின வாயை அவர் அழியும்போதும் மூடிக்கொண்டார். அதற்காகப் பாதி மன்னித்திருக்கிறேன். மீதி பாதி அம்மா மன்னித்திருந்தால் அது அவள் இஷ்டம்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். அண்ணன் நன்றாக இருக்கிறார், தலை நரைத்திருக்கிறது, முட்டி வலிக்கிறதாம். வீட்டுக்குள் வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, பழைய காலத்து ஆட்டங்களுக்கு இப்போது வெளிநாட்டில்கூட ஏக கிராக்கி என்றார். கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஏரி ஆட்டத்தை மறுபடி கொண்டுவரப் போகிறார்களாம். 'விவசாயிகளின் துயரத்தை உணர்ந்த நிறுவனர் உருவாக்கிய ஆட்டம்' என்று விளம்பரமாம். பெரியப்பா நாற்று நட்ட கதை ஒன்றுகூடத் தயாராகிவிட்டது. அவர் வயலில் இறங்கி நான் பார்த்ததில்லை, செருப்பைக் கழற்றவே யோசிக்கிறவர்.

"ஆனா எங்கயோ ஒதைக்குதும்மா" என்றார். "மேல குந்தறவனே ஜெயிக்கிறான். காலேஜ் படிச்ச பசங்கள வெச்சு கார்டு கார்டா சேர்த்துப் பாத்துட்டேன், ஒண்ணும் வேலைக்கு ஆவல. சித்திக்குத்தான் எதுனா தெரிஞ்சிருக்கும். உன்னாண்ட எதுனா சொல்லிக்கினு இருந்தாங்களா?"

புது அட்டையை டீப்பாயில் விரித்தார். வழவழவென்று அழகாகத்தான் இருந்தது. ஏரியின் நடுவில் கல் இல்லை. கொக்கும் இல்லை. அந்த இடத்தில் வட்டமாகப் பெரியப்பாவின் முகம். கம்பெனி முத்திரையாம்.

அட்டையை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. கோபத்தில்தான். ஆனாலும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன், அது அம்மாவுக்காக.

"தெரியும்ணே. சொல்றேன். பெட்டி மேல எங்கம்மா பேரு வரணும். கண்டுபிடித்தவர்னு வரணும்."

அண்ணன் மோரைக் குடித்து முடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். "அது எப்படிம்மா? சுவருல பூரா அப்பா பேரு கீது. விளம்பரமே அதான். உள்ள, கடைசிப் பக்கத்துல, குடும்பத்தாருக்கு நன்றின்னு போட்டுடலாம். சித்தின்னா எனக்கு மட்டும் பாசம் இல்லியா?"

குடும்பத்தார். ஓரத்தில் சின்னதாகக்கூட இல்லை, குடும்பத்தார்.

"சரிண்ணே. வா, ஆடிப் பாக்கலாம்" என்றேன்.

முகம் மலர்ந்து உட்கார்ந்தார். அவராகவே அட்டையைத் திருப்பித் தலைமடையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். நான் கடைமடை. சோழியைப் போட்டோம். தண்ணீரையெல்லாம் எடுத்தார், ஜெயித்தார். மறுபடி ஆடினோம். மறுபடியும் அவர்தான். எங்கள் குடும்பத்துக்குப் பெரியவர்களை ஜெயிக்கவைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோழி அவருக்குச் சரியாக விழாதபோது, "ஃபேன் காத்துல பொரண்டுச்சு, திருப்பிப் போடுண்ணே" என்று சொல்லிக் கொடுத்தேன். ஜெயிக்க ஜெயிக்க அவர் முகம் தொங்கிக்கொண்டே போனது. கடைசியில் சோழியைக் கீழே வைத்துவிட்டு, கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"நெஜமா சொல்லும்மா. வேற எதுனா கீதா?"

"அவ்ளோதாண்ணே. வேற ஒண்ணுமில்ல."

அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் காலத்தில் சிரிக்க முடியாமல் அடக்கிவைத்த சிரிப்பையெல்லாம் சிரித்தேன்.

உங்களுக்குக் கல் விதியைச் சொல்லிவிட்டேன். காசு வேண்டாம், பெட்டி வேண்டாம். சாக்பீஸும் புளியங்கொட்டையும் போதும். உங்கள் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், அவர்கள் தெருவுக்கே சொல்லட்டும். அண்ணன் இதைப் படித்தாலும் படிக்கட்டும். நாளைக்கு அந்த விதியை அச்சடித்தால், எங்கிருந்து எடுத்தார் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அம்மாவின் பெயரை நான் இதில் எங்கும் எழுதவில்லை என்று கவனித்திருப்பீர்கள். அது பெட்டியின் மேல் வரவேண்டிய பெயர். அங்கே வந்த பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

மாதிரி அட்டையை அண்ணன் என்னிடமே விட்டுவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலையில் வாசல் தெளித்துவிட்டு, ஓரமாகக் கிடந்த ஜல்லிக் குவியலில் ஒரு கருங்கல்லைத் தேடி எடுத்துக் கழுவினேன். உள்ளே வந்து அட்டையை விரித்து, ஏரியின் நடுவில் அதை வைத்துப் பார்த்தேன். பெரியப்பாவின் முகத்தை அது சரியாக மூடியது.